முன் சக்கரம் இல்லாத சைக்கிள்

எஸ்றா மிதிக்கத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் சைக்கிள் கூடத்தைக் கடந்து அடுக்களை வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு முன் சக்கரமே கிடையாது. பின் சக்கரமோ ஸ்டாண்டில் ஏறி அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியும் அது நகர்ந்தது என்றால், தரைக்கு அப்படி வழவழவென்று சிமெண்டு பூசிய கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும்.

"குழம்புச் சட்டியை இடிச்சிராதீய," என்றாள் ஜெபகனி, அகப்பையும் கையுமாக. "இதுலயா என்னைய ஏறச் சொல்லுதீய?"

"உனக்காகத்தாம்ளா வாங்கியிருக்கேன். ரெண்டு நிமிஷம் ஏறிப் பாரேன்."

"முதல்ல அது ஒரு இடத்துல நிக்கட்டும்."

எஸ்றா பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். புதுத் துறைமுகம் திறந்த பிறகு வேலை கழுத்துமட்டும் இருந்தது. பத்து நாளைக்கு முன் ஜெபகனியின் முட்டி வலிக்காக டாக்டரம்மாவிடம் போயிருந்தார்கள். நாற்பதைத் தாண்டியவர் யார் வந்தாலும் சிறுநீர் சோதனைக்குக் குப்பியை நீட்டுவது டாக்டரம்மாவின் வழக்கம். துணைக்கு வந்த எஸ்றாவையும் விடவில்லை. கப்பல் வந்து நிற்கிறது என்று எஸ்றா குப்பியைக் கொடுத்த கையோடு ஆபீசுக்கு ஓடிவிட்டார். சாயந்தரம் வீடு திரும்பினால் ஜெபகனி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கம்பவுண்டர் செபாஸ்டின் நீல மருந்தை ஊத்திச் சுட வச்சாரு. செங்கல் கலருக்கு வந்துட்டு. சர்க்கரையாம்."

"உனக்கா?"

"பின்ன, உங்களுக்கா?"

இனிப்பை அடியோடு நிறுத்த வேண்டும், தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், இல்லை அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்க வேண்டும், தவறினால் ஆயுசுக்கும் ஊசி, கண்ணுக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னாராம். கலியாணமான வருஷம் மஞ்சள்காமாலையில் கிடந்த எஸ்றாவை நாற்பது நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து எழுப்பி உட்காரவைத்தவள் அவள். அதற்கு ஒரு நன்றி சொல்ல இருபது வருஷமாக அவருக்கு வாய் வரவில்லை. அவளுக்குக் கண் போவதென்றால்?

தன் உடம்பென்றால் வேறு கதை. போன வருஷம் அவருக்கு எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரைகளை முழுசாகக் கோழிக்கூட்டுக்குப் பின்னால்தான் கண்டெடுத்தாள் ஜெபகனி. கொஞ்ச நாளாகத் தாகம் தாங்கவில்லை என்று சொம்பு சொம்பாகக் குடித்துக்கொண்டிருந்தார். அதற்கும் தூத்துக்குடி வெயிலைக் காரணம் சொல்லி முடித்துவிட்டார்.

ஜெபகனி நடக்கவும் சம்மதிக்கவில்லை. "வேலைவெட்டி இல்லாதவ மாதிரி ரோட்டுல கைய வீசிட்டுப் போகவா? நம்ம சர்ச்சுப் பாதிரியார் வீட்டு ஐயரம்மா பார்த்தா என்ன நினைப்பா?"

அதனால்தான் இந்த ஏற்பாடு. சைக்கிள் கடை சிவனணைந்தபெருமாள் முன் சக்கரம் போன ஒரு லேடீஸ் சைக்கிளை மலிவாகத் தள்ளிவிட்டு, முன்பக்கத்தை ஒரு கட்டையில் முடுக்கியும் கொடுத்திருந்தார்.

நகராமல் நிறுத்த எஸ்றா அடுத்த வீட்டு மூஸா நெய்னாவைக் கூப்பிட்டார். மூஸா நெய்னா முப்பது வருஷம் தோணியில் போனவர்.

"கடல்லயே கட்டி நிறுத்துனவன் நான். இது என்ன பெரிய காரியம்?" என்று கயிற்றோடு வந்தார். சைக்கிளை ஜன்னல் கம்பிக்கும் கட்டில் காலுக்கும் குளியலறை நிலைக்கும் சேர்த்து இழுத்துக் கட்டினார். சைக்கிள் அசையவில்லை. குளியலறைக்கு மட்டும் கயிற்றுக்கு அடியில் தவழ்ந்து போக வேண்டியிருந்தது. சற்றுத் தளர்த்தலாம் என்று பார்த்தால் முடிச்சு யாருக்கும் பிடிபடவில்லை. முடிச்சு போட்டவரோ கலியாணத்துக்குக் காயல்பட்டினம் போய்விட்டார்.

"இப்ப நிக்கில்லா? ஏறு," என்றார் எஸ்றா, தவழ்ந்துகொண்டே.

ஜெபகனி கையால் பெடலைச் சுற்றிப் பார்த்தாள். "காத்தைச் சுத்துத மாதிரில்லா இருக்கு? பாரமே இல்லாம மிதிச்சா சர்க்கரை எப்படிக் குறையும்?"

நியாயமான கேள்வி. மறுபடியும் சிவனணைந்தபெருமாள் வந்தார். பழைய டயர்த் துண்டைப் பலகையில் அடித்து, பின் சக்கரத்தை அழுத்தும்படி சாய்த்து, பலகை மேல் அம்மிக்குழவியை ஏற்றி வைத்தார்.

"நீங்க ஓட்டிக் காட்டுங்க," என்றாள் ஜெபகனி.

எஸ்றா மிதித்தார். பாரம் இருந்தது, அவருக்கு நாக்குத் தள்ளியது. சக்கரம் போட்ட சத்தத்தில் கோழிகள் சுவரேறின. கால் மணி நேரத்தில் ரப்பர் கருகிப் புகை கிளம்பியது. மூஸா நெய்னாவின் மனைவி சம்சுன்னிசா ஜன்னல் வழியாக ஒரு வாளித் தண்ணீரை வீசியடித்தாள். அது முழுவதும் எஸ்றாவின் தலையில் விழுந்தது.

"யா அல்லாஹ், தீப்பிடிச்சிட்டுன்னுல்ல நினைச்சேன்!"

"நல்லா இருப்பீங்க," என்றார் எஸ்றா மனதார. அந்த நேரத்துக்கு அந்தத் தண்ணீர் சுகமாகத்தான் இருந்தது.

அவர் டயரை எடுத்துவிட்டு ஈரச் சாக்கைச் சுற்றினார். புகை நின்றது. பாரம் இன்னும் கூடிவிட்டது.

ஜெபகனி தள்ளியே நின்றாள். "தீப்பிடிக்கிற சாமான்ல பொம்பள சேலையோட ஏற முடியுமா? காலைல அரை மணி, சாயந்தரம் அரை மணி நீங்க ஓட்டுங்க. மூணு மாசம் ஒண்ணும் ஆகலன்னா நான் ஏறுதேன்."

"மூணு மாசமா? அதுவரைக்கும் உன் சர்க்கரை?"

"பத்தியம் இருக்கேன்லா."

பத்தியம் வீட்டுக்கே வந்தது. ஒருத்திக்கு மட்டும் தனியாக உலை வைக்க முடியாதென்று பாகற்காயும் வெந்தயமும் இருவர் தட்டிலும் விழுந்தன. உடன்குடிக் கருப்பட்டி இல்லாமல் காபி தொண்டையில் இறங்காத எஸ்றா வெறும் காபியைக் கண்ணை மூடிக் குடித்தார். அவள் ஒருத்தி வாயைக் கட்ட, தான் மட்டும் இனிப்பைத் தொட அவருக்கு மனசு வரவில்லை.

அரை மணி மிதித்து முடித்ததும் எஸ்றா அம்மிக்குழவியைத் தொட்டு, "கர்த்தாவே, என் ஜெபகனியைக் காப்பாத்தும்," என்பார். ஆபீசில் எல்லாரும் அவர் பெல்ட்டில் புதிதாகப் போட்ட ஓட்டையைப் பார்த்து விசாரித்தார்கள். தாகம்கூட எங்கேயோ போய்விட்டது. அவருக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் முடிந்த அன்று ஜெபகனி சொன்ன சொல் தவறாமல் ஏறினாள். சேலையைச் செருகிக்கொண்டு சரியாகப் பத்துச் சுற்று மிதித்தாள்.

"முட்டி வலிக்கி. நாளைக்குப் பாப்போம். முதல்ல டாக்டரம்மாகிட்டப் போயிட்டு வந்துருவோம். எனக்குத் தனியா குடுக்கப் பயமா இருக்கு, நீங்களும் ஒரு குப்பி குடுங்க."

பத்துச் சுற்றில் என்ன குறையும் என்று எஸ்றா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உள்ளே போயிருந்த ஜெபகனி சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் வெளியே வந்தாள்.

"சர்க்கரை இல்லையாம்! மருந்து நீலமாவே நிக்குதாம்!"

எஸ்றாவுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. பத்துப் பேர் பார்க்க மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏளா, அன்னைக்கு மஞ்சள்காமாலையில நீ என்னைய எழுப்பி விட்ட. உனக்கு நான் ரொம்ப நன்றிக்கடன் பட்டிருக்கேன். நான் சாகுத வரைக்கும் மறக்கமாட்டேன்."

"இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டு வர மறுபடி உள்ளே போனாள்.

எஸ்றா பையைத் திறந்தார். நல்ல சேதி வந்தால் கொடுக்கவென்று உடன்குடியிலிருந்து வரவழைத்த ஓலைப்பெட்டிக் கருப்பட்டி. பெரிய துண்டாக உடைத்துக் கம்பவுண்டர் செபாஸ்டினின் கையில் வைத்தார்.

"எல்லாம் உங்க புண்ணியம் தம்பி. பத்துச் சுத்துத்தான் மிதிச்சா. அவளுக்குச் சர்க்கரை பறந்துட்டு பாருங்க!"

மூன்று மாத ஏக்கத்தோடு இன்னொரு துண்டை உடைத்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனார். செபாஸ்டின் பதறியடித்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வீட்டம்மாவுக்கு எப்ப அண்ணாச்சி சர்க்கரை இருந்துச்சு? அன்னைக்குச் செங்கல் கலருக்கு வந்தது உங்க குப்பில்லா!"