முந்நூறு மீசைகள்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு கொஞ்ச காலம் சும்மா இருந்துவிட்டு, மெத்தென்ற பிளாஸ்டிக்கில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு நிறுவனரைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றாவது சாதனை, ஒரு பொம்மைக் கம்பெனியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்காக நிகழ்த்தப்பட்டது.

விழாவுக்கு வரும் முந்நூறு முக்கியஸ்தர்கள் கையிலும் ஆளுக்கொரு குட்டி நிறுவனர். கறுப்புக் கோட்டு, கண்ணாடி, சீப்பு போட்டு வாரியதுபோல் மீசை. கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தால் கீழே விழுந்து நிறுவனரின் கழுத்து முறியக்கூடும் என்பதால் மேலாளர் மெத்தென்றதைத் தேர்ந்தெடுத்தார். "தலைமைன்னா வளைஞ்சு குடுக்கணும்" என்று அதற்கு ஒரு தத்துவமும் அருளினார். நிறுவனரும் வளைந்துகொடுத்தார். அதில் ஒரு குறையும் இல்லை. வளைந்தபோது மீசை உதிர்ந்தது, அதுதான் குறை.

வண்ணப் பிரிவில் ஏழு பெண்கள். ஒருத்தி ஷூ, ஒருத்தி கோட்டு, ஒருத்தி கண்ணாடி என்று உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தப் பொம்மையானாலும் மீசை மட்டும் பதினொரு வருடமாக ஒரே கை. அந்தக் கைக்குரியவரின் பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. ஊழியர்களுக்கு அவர் மீசைக்காரம்மா.

திங்கட்கிழமை காலை மேலாளர் அவரை அழைத்தார். "வெள்ளிக்கிழமை விழா. அதுக்குள்ள பெயின்ட் ஒட்டலேன்னா ஸ்டிக்கர் மிஷின் வாங்கிடலாம்னு மேலே பேசிக்கிறாங்க. மிஷின் வந்துட்டா, உங்க ஏழு பேருக்கும்..." என்று நிறுத்தினார். வாக்கியத்தை முடிக்காமல் விடுவது அவருக்குக் கைவந்த நிர்வாகக் கலை.

உடனே 'ஒட்டுதல் உயர்மட்டக் கூட்டம்' கூடியது. மேலாளர் பத்துப் பொம்மைகளை வரிசையாக வளைத்துப் பார்த்தார். ஒன்பது மீசைகள் அவர் கட்டைவிரலுக்கு இடம் மாறின.

"பத்துல ஒண்ணு நிக்குது. நல்ல ஆரம்பம்."

"சார், ஒம்பது பேருக்கு மீசை இல்ல" என்றார் மீசைக்காரம்மா.

"எத்தனை நின்னா 'ஒட்டுது'ன்னு எழுதலாம்? நாலு?"

"பத்தும் நிக்கணும் சார்."

"ரொம்பச் சொல்றீங்க. அஞ்சு."

"ஒம்பது."

"உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஆறரை. அதுக்கு மேல கட்டுப்படியாகாது."

ஆறரைக்குப் படிந்தது. அந்த அரை மீசையோடு நிற்கப்போகும் நிறுவனர் யார் என்று எவரும் கேட்கவில்லை. "என்னதான் எண்ணெயைத் தடவிக்கிட்டுப் புரண்டாலும் ஒட்டுறதுதான் ஒட்டும்" என்று மேலாளர் பெருமூச்சு விட்டதையும் சேர்த்துக் கூட்டக் குறிப்பில் ஏற்றினார்கள்.

ஆறரையை எட்டுவதற்காக ஓர் ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். அவர் பொம்மையைத் தொடவே இல்லை. தொட்டால் பார்வை குறுகிவிடுமாம். "ஒட்டுறது பெயின்டோட வேலையே இல்ல. அது பூசுறவங்க மனசுல இருக்கு" என்றார். ஏழு பெண்களுக்கும் இரண்டு நாள் 'ஈடுபாட்டுப் பயிற்சி' தொடங்கியது. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, தூரிகையைப் பார்த்து "நான் உன்னை நம்புகிறேன்" என்று மும்முறை சொல்ல வேண்டும்.

"கண்ணை மூடிக்கிட்டு எப்படி சார் பார்க்கிறது?" என்றாள் ஷூக்காரி.

"இந்தக் கேள்விதான் உங்க பெயின்ட்டை உதிர வைக்குது" என்றார் ஆலோசகர்.

மீசைக்காரம்மா மனமார நம்பினார். தூரிகையும் நம்பியிருக்கலாம். மீசை மட்டும் நாத்திகம் பேசியது.

செவ்வாய் மாலை அவர் வேலை மேலங்கியின் பையில் தூரிகை, பெயின்ட் குப்பிகளோடு ஒரு பொம்மையும் தங்கிப்போய் வீட்டுக்கு வந்துவிட்டது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மகள் அதைக் கையில் எடுத்தாள்.

"என்னம்மா உங்க முதலாளி, அடுப்படிச் சுவர் மாதிரி பிசுக்கா இருக்காரு!"

சொன்ன கையோடு அவரைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அக்குள்வரை தேய்த்து, ஜன்னல் கம்பியோரம் காயவைத்தாள். அம்மா சும்மா இருக்க முடியாமல் வழக்கமான அடிப்பூச்சையே மெல்லிசாகக் கொடுத்து, அது உலர்ந்ததும் மீசையை வரைந்தார். காலையில் மகள் நிறுவனரின் நெற்றி ஷூவில் இடிக்கும்படி மடக்கினாள், முறுக்கினாள், சுவரில் அடித்தாள். மீசை அசையவில்லை.

மீசைக்காரம்மாவுக்குச் சுரீரென்று உறைத்தது. எண்ணெய்! அச்சிலிருந்து பொம்மை சுலபமாகக் கழன்று வர உள்ளே கொஞ்சம் எண்ணெய் அடிப்பார்கள். மேலாளரின் பழமொழிக்குள்ளேயே விடை கிடந்திருக்கிறது. கூட்டம் அதைக் குறிப்பில் ஏற்றி, கையெழுத்தும் போட்டு மூடிவிட்டது. சங்கடம் என்னவென்றால், அச்சுப் பிரிவின் மேஸ்திரி அவருடைய சொந்த அத்தான். கூடப் பிறந்த அக்காவின் கணவர். மணிக்கு அதிகப் பொம்மை கழற்றியவர் என்று கேடயம் வாங்கியவர்.

வேலைக்குப் போகும் வழியில் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அத்தான், அச்சுல எவ்வளவு எண்ணெய் அடிக்கிறீங்க?"

"பொம்மை வழுக்கிக்கிட்டுத் தானா மடியில வந்து விழற அளவுக்கு. ஏன்?"

"அதே வழுக்கல்லதான் எங்க ஏழு பேர் வேலையும் போகப்போகுது."

அக்கா கரண்டியோடு வந்துவிட்டாள். "ஏண்டி, அந்த மனுஷன் ஆயுசுல வாங்கினது ஒரே ஒரு கேடயம். அதைக் கழட்டத்தான் விடிஞ்சதும் விடியாததுமா வந்தியா?"

"கேடயத்தை நீயே தலைக்கு வெச்சுப் படுத்துக்க. நான் பொம்மையைக் கழுவணும், அவ்வளவுதான்."

அத்தான் குரலைத் தாழ்த்தினார். "தாராளமாக் கழுவிக்க. ஆனா எண்ணெய்னு மட்டும் எங்கேயும் வாயைத் திறந்துடாதே. தூசின்னு சொல்லு." மைத்துனி வாக்குக் கொடுத்தார்.

அடுத்து ஸ்டோர்.

"சோப்பா? உற்பத்திக்கு சோப்பு கிடையாதும்மா. அது கழிப்பறை இனத்துல வருது" என்றார் ஸ்டோர்காரர்.

"சரி, கழிப்பறைக்கே குடுங்க."

"கழிப்பறையிலேர்ந்து கோரிக்கை வரணுமே."

"அது எழுதாது."

"அப்ப குடுக்க முடியாது."

சோப்பைப் பொம்மையிடம் கொண்டுவர விதி இல்லை. பொம்மையைச் சோப்பிடம் கொண்டுபோகத் தடையும் இல்லை. புதன்கிழமை ஏழு பெண்களும் கூடை கூடையாகச் சுமந்து போய்த் தொழிலாளர் கழிப்பறையின் கை கழுவும் தொட்டிகளை நிரப்பினார்கள். அங்கிருந்த நான்கு கேன் சோப்புத் திரவமும் தீர்ந்தது. இருபத்தைந்து வருடத்தில் நிறுவனர் அந்தக் கழிப்பறையை எட்டிப் பார்த்தது அதுவே முதல் தடவை. வந்ததும் முந்நூறு பேராக வந்தார்.

வியாழக்கிழமை பூசினார்கள். வெள்ளிக்கிழமை தலைமை விருந்தினர் மேடையில் குட்டி நிறுவனரை இரண்டாக மடித்தார். அசல் நிறுவனர் தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டும் இருந்தன. கைதட்டல் ஓயப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஈடுபாட்டுப் பயிற்சியின் மகத்தான வெற்றிக்காக ஆலோசகருக்குச் சால்வை, மேலாளருக்குக் கேடயம், அத்தானுக்கு இரண்டாவது கேடயம். ஸ்டிக்கர் மிஷின் பேச்சு அடங்கியது. ஏழு பேர் வேலையும் தங்கியது.

இதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் தலைமை விருந்தினர் கை கழுவ, வழி தவறித் தொழிலாளர் கழிப்பறைக்குப் போனார். போன இடத்தில் சோப்பு இல்லை.

திங்கட்கிழமை விசாரணை. நாற்காலி போட்டு எல்லோரையும் உட்காரவைத்து, விசாரணை அதிகாரி வரிசையாகக் கேட்டார்.

"சோப்பு என் துறையிலயே வராது" என்றார் மேலாளர். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை.

"நான் குடுக்கலன்னு பதிவேடே சொல்லுது" என்றார் ஸ்டோர்காரர்.

"சோப்பு தீர்றதும் ஒரு மனநிலைதான்" என்றார் ஆலோசகர்.

அத்தான் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினார். "எனக்கென்ன தெரியும்? ஏதோ தூசின்னு பேசிக்கிட்டாங்க."

மீசைக்காரம்மா எழுந்தார். "நாங்கதான் சார் தீர்த்தோம். கழுவச் சொன்னது நான்."

'நிறுவனச் சோப்பைத் தகாத உருவங்கள்மீது பிரயோகித்த' குற்றத்துக்காக ஒரு வாரம் தற்காலிக வேலைநீக்கம் என்று எழுதி முடித்த அதிகாரி, பேனாவை மூடிவிட்டு வியந்தார்.

"ஆச்சரியமா இருக்கும்மா. இந்தக் குற்றத்தை நாலு பேர் மேலயும் வெச்சுப் பார்த்தேன். ஒருத்தர் மேலயும் நிக்கல, உதிர்ந்து உதிர்ந்து விழுது. உங்க மேல மட்டும் எப்படி இவ்வளவு கெட்டியா ஒட்டுது?"

மீசைக்காரம்மா அத்தானைப் பார்த்தார். அத்தான் இன்னும் இறக்கைகளையே எண்ணிக்கொண்டிருந்தார், மூன்றுதான் இருந்தன. கொடுத்த வாக்கும் அந்த நொடியில் வழுக்கியது.

"சுத்தமாக் கழுவினது மேலதான் சார் எதுவும் ஒட்டும். இவங்க நாலு பேரும் இன்னும் அச்சுலேர்ந்து வந்த எண்ணெயோடவே உட்கார்ந்திருக்காங்க."