மேலிடத்துக் கசிவு

மேலேயிருந்து விழுந்த சொட்டு, குறி பார்த்து அடுப்பை அணைத்தது. அன்று காலையில் இது மூன்றாவது முறை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இது நிக்கலைன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் சொட்டுமா குடும்பம் நடத்துங்க," என்றாள் மனைவி.

அவர் மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். இருபது வருடமாக ஊர்க் கோபத்தை ஃபோனில் வாங்கிக்கொண்டு, "எங்க லைன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுபவர். சேர்த்துவைத்த அத்தனை கோபத்தையும் எடுத்துக்கொண்டு மாடியேறினார்.

மேல்வீட்டுக்காரர் மனநல ஆலோசகர். கதவுப் பலகையில் பெயரைவிடப் பட்டம் நீளம்.

"உங்க குளியலறைத் தண்ணி என் அடுப்புல ஒழுகுது!"

"ஒழுகுது," என்று மெல்லத் தலையாட்டினார் ஆலோசகர்.

"அதைத்தான்யா நானும் சொல்றேன்!"

"சொல்றீங்க. ஆனா கேக்க ஆளில்லைன்னு தோணுது. சின்ன வயசுல அப்பாகிட்டயும் இப்படித்தானா?"

"எங்கப்பாவை ஏன்யா இழுக்கிற?"

"பாத்தீங்களா, வலிக்குது. நேரம் வாங்கிட்டு வாங்க, பேசலாம்."

வாங்கினார். செவ்வாய்க்கிழமை நாற்பத்தைந்து நிமிடம் தொண்டை கிழியக் கத்தினார். ஆலோசகர் நோட்டில் எழுதி முடித்துத் தீர்ப்புச் சொன்னார்:

"உங்க ஆளுமை அப்படி. எது நடந்தாலும் மேல இருக்கிறவங்கதான் காரணம். அப்பா, மேலதிகாரி, இப்போ மேல்வீடு. கசிவு மேல இல்ல, உள்ள இருக்கு. பேசப் பேச வடிஞ்சிடும்."

"வடியறது என் அடுப்புலய்யா!"

"நல்ல உருவகம்," என்று அதையும் எழுதிக்கொண்டார்.

தன் வாயால் முடியாததை மனைவியின் வாய் முடித்துவிடும் என்று புதன்கிழமை அவளை அனுப்பினார். ஒன்றரை மணி நேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகம் தெளிந்து இறங்கி வந்தாள்.

"குழாயைப் பத்திக் கேட்டியா?"

"எதுக்கெடுத்தாலும் கத்தறீங்களே, அதுக்கு ஒரு பேரே இருக்காம். பதினெட்டு வருஷமா எனக்குப் புரியாதது அவருக்கு அரை மணியில புரிஞ்சுபோச்சு!"

"சொட்டு?"

"அடடா, மறந்தே போச்சு. ஆனா ஒண்ணு, இனிமே சொட்டு மட்டும் நின்னாப் போதாது. உங்க கத்தலும் நிக்கணும். இல்லைன்னா அக்கா வீடுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பெட்டியோடு படியில் நின்றாள். அவர் பிளம்பரை இழுத்துக்கொண்டு அவளைத் தாண்டி மேலே போனார்.

"தரையை உடைக்கப் போறேன்!"

ஆலோசகர் வழிவிட்டார். "உடைங்க. எல்லாம் வெளிய வரட்டும்."

பிளம்பர் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி, அப்பாவுக்கு ஒன்று, மேலதிகாரிக்கு இரண்டு, ஆலோசகருக்கு ஐந்து என்று போட்டார். எட்டு டைல்ஸ் பெயர்ந்தன. கையில் வேலையில்லாத பிளம்பர், கீழே சமையலறையைப் பார்த்து வருவதாகச் சொல்லி இறங்கிவிட்டார்.

"இப்போ எப்படி இருக்கு?" என்றார் ஆலோசகர்.

உண்மையில் லேசாகத்தான் இருந்தது. அதற்காகவும் கோபம் வந்தது.

"எனக்கு எப்படி இருந்தா உனக்கென்னய்யா? தரையைப் பாரு!" என்று கத்தியபடி குனிந்தவர் அப்படியே நின்றார். பெயர்ந்த இடம் ஈரமே காணாமல் சருகாகக் காய்ந்து கிடந்தது.

கீழேயிருந்து, மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி பிளம்பர் குரல் கொடுத்தார்:

"சார், மேல ஒண்ணும் இல்ல! உங்க சமையலறைப் பரண்ல ஒரு பழைய வெந்நீர் ஹீட்டர் வெச்சிருக்கீங்கல்ல, அதோட குழாய்தான். கசிவு உள்ளதான் சார் இருக்கு!"