வேலி தாண்டிய ரோமாபுரி

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ரோமாபுரி அண்ணைக்குக் காரணம் தெரியாத விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. பேருந்து பிந்தினாலும் சரி, சோறு குழைந்தாலும் சரி, ரோமர் ஏன் நாடு நாடாகப் பிடித்தார்கள் என்பதிலிருந்துதான் விளக்கத்தை ஆரம்பிப்பார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு மட்டும் ஞாபகம் இருப்பதாகக் கேள்வி. பெயின்ட் தொழிற்சாலையில் வாளிக்கு மூடி போடும் வேலை. மிச்ச நேரமெல்லாம் நூலகம்.

ஒரு கலியாணப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் தெரியாத்தனமாக, "ரோமருக்கு அவ்வளவு நாடு என்னத்துக்கு அண்ணை?" என்று கேட்டுவிட்டார். பாயாசம் வந்தபோது அண்ணை ரோமரின் பகை நகரான கார்த்தேஜில் நின்றார். மண்டபத்து விளக்கை அணைத்தபோதும் அங்கேயேதான் நின்றார்.

தோட்டச் சங்கத்தில் மூன்று வருடம் காத்திருந்து எனக்கு ஒரு வாடகைத் தோட்டத் துண்டு கிடைத்தது. என் ஊழ், அது அவருடைய துண்டுக்குப் பக்கத்தில். உலகக் கிண்ண உதைபந்தாட்டம் எங்கள் ஊருக்கு வந்த கோடை அது. ஜெர்மன்காரர் ஜன்னல்தோறும் கொடி கட்டினார்கள். அண்ணை பூசணிக் கொடி விட்டார். அது என் போஞ்சிப் பாத்தியை மிதித்துக்கொண்டு போய், மறுபக்கத்து ஜெர்மன் அம்மாவின் ரோசாச் செடியைக் கட்டிப்பிடித்தது.

"அண்ணை, கொடியைத் திருப்பி விடுங்கோ."

"ஏலாது தம்பி. ரோமர் ஆசையில மட்டும் பிடிக்கேல்ல, பயத்திலயும் பிடிச்சவங்கள். பக்கத்துக் காணிக்காரனுக்குப் பயந்து அவன்ர காணியைப் பிடிச்சா, அதுக்கங்கால இன்னொருத்தன் நிப்பான். பிறகு அவனுக்குப் பயம்."

"உங்களுக்கு இஞ்ச ஆரிட்டப் பயம்?"

"நத்தை. உம்மட பக்கத்தாலதான் வருது."

மறுநாள் என் பாத்தியைச் சுற்றி முட்டைக்கோது தூவியிருந்தது. நத்தை தாண்டாதபடி எல்லைக் காவலாம்.

பிறகு எல்லை தாண்டிய பூசணி பற்றித் தோட்டச் சங்கத்தின் கடிதம் வந்தது; சனிக்கிழமை அளக்க வருவார்களாம். பூசணி என் பக்கத்தால் போனதால், வந்தது எனக்கு. அகதியாக வந்தவனுக்கு எந்த ஜெர்மன் கடிதமும் நாடு கடத்தும் கடிதம்தான். 'குத்தகை ரத்து' என்ற இடத்தில் நான் கதிரையில் இருந்தேன். அடுத்த வரியில் மனைவியின் பிரஷர் குளிசையை விழுங்கியிருந்தேன்.

"பூசணிக்காய்க்கு ஆரும் நாடு கடத்துவினமே?" என்றாள் அவள்.

கத்தியோடு தோட்டத்துக்கு ஓடினேன். அண்ணை கொடிக்குக் குறுக்கே நின்றார்.

"வெட்ட விடமாட்டன். ரோமில தலைவருக்குப் பதவி ஒரு வருசம். அதுக்குள்ள ஒரு வெற்றி காட்ட வேணும். எனக்கும் பூசணி காய்க்க உந்தக் கோடை மட்டும்தான்."

"எனக்கு நாளைக்கு மட்டும்தான் அண்ணை! நாளைக்கு அளக்க வருகினம்!"

சனிக்கிழமை சங்கத் தலைவர் அளவு நாடாவோடு வந்தார். இரவிரவாகப் பாடமாக்கிய வணக்கத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன்; 'நன்றாகச் சாப்பிடுங்கள்' என்று ஜெர்மனில் வந்தது. அவர் என்னைப் பார்த்தார், பூசணியைப் பார்த்தார், பேனாவைத் திறந்து என் துண்டின் இலக்கத்தை எழுதப் போனார்.

அப்போது அண்ணை முன்னே வந்தார். கார்த்தேஜ் இல்லை, ரோம் இல்லை. இரண்டே வசனம் ஜெர்மனில் சொன்னார். "கொடி என்னுடையது. அவர் வெட்டச் சொன்னார், நான் விடவில்லை."

நான் அன்றும் கொண்டுவந்திருந்த கத்தியை வாங்கி, குனிந்து, கொடியைத் தன் எல்லை வரைக்கும் வெட்டிக்கொண்டே போனார். பூவும் பிஞ்சும் அதோடு போயின. எச்சரிக்கைத் தாளில் அவருடைய பெயரே ஏறியது. கையெழுத்துப் போடுமுன் அவரும் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

தலைவர் போன பிறகு பிளாஸ்கைத் திறந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.

"அண்ணை, ரோமர் இப்பிடி ஆருக்காகவாவது பின்வாங்கினவங்களோ?"

வெட்டிய கொடியைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"நான் வாசிச்ச புத்தகத்தில இல்லை," என்றார்.

அவர் இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடிப்பவர். நான் மூன்று போட்டேன்.