பத்து நிமிடக் கலாச்சாரம்

"டீச்சர், சனிக்கிழம உங்க பரதநாட்டியம் பத்து நிமிஷம். மியூசிக்க மட்டும் முன்னாடியே அனுப்பிடுங்க" என்றார் ராதாகிருஷ்ணன் கைப்பேசியில்.

தாமரை டீச்சரின் சிவப்புப் பேனா, திருத்திக்கொண்டிருந்த கட்டுரையின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக்கொண்டு போய் மேசையில் முடிந்தது.

"யாரோட பரதநாட்டியம்?"

"உங்களோடதுதான். அப்ளிகேஷன்ல நீங்களே எழுதியிருக்கீங்களே! மேடம் ரொம்ப ஆவலா இருக்காங்க. ஓகே டீச்சர், இன்னொரு கால் வருது."

வைத்துவிட்டார்.

ராதாகிருஷ்ணன் பங்சாரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஆசிரியர்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். இந்த முறை போலந்தில் ஒரு சின்ன ஊர். ஓராண்டு அங்கே தங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும். செலவெல்லாம் கலாச்சாரப் பரிமாற்ற நிதியின் பொறுப்பு. இருப்பதோ ஒரே இடம். அந்தப் பள்ளியை நடத்துகிற மேடமே சனிக்கிழமை நேரில் வந்து ஆளைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். தாமரை டீச்சர் இதற்கு முன்பும் முயன்று கோட்டை விட்டவர். அடுத்த ஆண்டு வயது வரம்பைத் தாண்டிவிடுவார். இந்தத் தடவை இல்லையென்றால் அப்புறம் போலந்தை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கிள்ளான் பள்ளியின் ஆசிரியர் அறையில், எதிர் மேசையிலிருந்த வரலாற்று ஆசிரியை உஷாராணி திடீரென்று இழுப்பறைக்குள் தலையை விட்டு எதையோ தேட ஆரம்பித்தாள்.

"உஷா."

"என்னங்க டீச்சர்?"

"அந்த அப்ளிகேஷன அனுப்பினது யாரு?"

"நான்தான். நீங்க கோவத்துல பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டீங்கல்ல. உங்க பாரம்பரியக் கலை என்னன்னு கேட்டுச்சு. ஒண்ணும் போடாம விட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்க மாட்டேங்குது லா. அதான் பரதநாட்டியம்னு போட்டேன். இந்தியப் பொம்பளன்னா அதான டீச்சர் போடணும்?"

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயமான கோபம்தான். இந்த நாட்டில் எந்தப் பள்ளியில் எந்த விழா என்றாலும் ஒரு மலாய் நடனம், ஒரு சீன நடனம், ஓர் இந்திய நடனம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் விழாவே நடந்ததாகக் கணக்கில்லை. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் சுற்றுமுற்றும் பார்ப்பார். சேலை எங்கே தெரிகிறதோ அங்கே இந்திய நடனத்தை இறக்கி வைத்துவிடுவார். ஆங்கிலத்தில் பட்டம் வாங்கி, ஆங்கிலத்தில் கனவு காண்கிற தாமரை டீச்சர், ஆண்டு தவறாமல் பெண்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சினிமாப் பாட்டைப் போட்டு, "கைய மேல தூக்குங்க, இப்ப கீழ இறக்குங்க" என்று சமாளித்து வந்திருக்கிறார். போதாக்குறைக்குப் பெயர் வேறு தாமரை. கேட்ட மாத்திரத்தில் எல்லாருக்கும் விரல்கள் விரிகிற முத்திரை ஞாபகம் வந்துவிடுகிறது.

"இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கப் போறவள எதுக்கு ஆடச் சொல்லணும்? வெளிநாட்டுலேர்ந்து இங்க ஒரு வாத்தியார் வந்தா அவர நாம ஆடச் சொல்றோமா?"

"போன பொங்கலுக்கு அந்த ஆஸ்திரேலியாக்காரருக்கு வேட்டி கட்டிவிட்டு, கண்ணக் கட்டி உறியடிக்க விட்டோமே டீச்சர்."

"அது வேற!"

உஷாராணி அதற்குள் ஒரு யோசனையோடு நிமிர்ந்திருந்தாள். "கால் சுளுக்கிக்கிச்சுன்னு சொல்லிடுங்க. ஆட்டம் கேன்சல். முடிஞ்சது கத."

பொய் சொல்ல டீச்சருக்குப் பிடிக்காது. ஆனால் மேடையில் ஆடுவது அதைவிடப் பிடிக்காது. கூப்பிட்டுச் சொன்னார்.

"அடடா! எந்தக் கால் டீச்சர்?" என்று பதறினார் ராதாகிருஷ்ணன்.

டீச்சர் குனிந்து இரண்டு கால்களையும் பார்த்துவிட்டு, "வலது" என்றார்.

"கவலப்படாதீங்க. உங்கள நான் விட்டுருவேனா? உக்காந்து செய்ற மாதிரி மாத்திடலாம். கோலம்! கலர் அரிசிக் கோலம். மண்டபத்து நடுவுல பெரிய இடமா ஒதுக்கிடுறேன். பத்திரிகைக்காரங்களும் வராங்க."

தாமரை டீச்சர் வீட்டு வாசலில் இருப்பது ஒட்டுக் கோலம். கடையில் வாங்கி, பின்பக்கத் தாளை உரித்து ஒட்டியது. அதையும் கோணலாகத்தான் ஒட்டியிருந்தார்.

உஷாராணி அசரவில்லை. பூச்சோங்கில் பழனியப்பன் என்று ஒருவர் இருந்தார். தீபாவளி வந்தால் பேரங்காடிகளில் ஆளுயரத்துக்கு அரிசிக் கோலம் போடுகிறவர். "விடியக்காலையிலயே வந்து போட்டுட்டுப் போயிடுவாரு. மேடம் வர்றப்ப நீங்க கடைசிக் கைப்பிடி அரிசியத் தூவுனா போதும்."

"இது ஏமாத்து வேல இல்லியா?"

"பரதநாட்டியத்த விடக் கம்மி ஏமாத்து டீச்சர்."

சனிக்கிழமை காலை, பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்துக்குள் நொண்டிக்கொண்டே நுழைந்த தாமரை டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். தரையில் மயில் ஒன்று தோகை விரித்திருந்தது. பச்சையும் நீலமுமாக அவ்வளவு அழகு. ஆனால் தோகைக்குக் கீழே இளஞ்சிவப்பு அரிசியில், கொட்டை எழுத்தில், 'பழனியப்பன் கோலம்' என்று எழுதி, கைப்பேசி எண்ணும் போட்டிருந்தது.

"யோவ், என்னய்யா இது?" என்று கைப்பேசியில் சீறினாள் உஷாராணி.

"எல்லாக் கோலத்துலயும் போடுவேங்க. அப்பதான அடுத்த ஆர்டர் வரும்?" என்றார் பழனியப்பன்.

அழிக்க நேரமில்லை. வாசலில் கார் வந்து நின்றது. தாமரை டீச்சர் வேறு வழியில்லாமல் அந்த எழுத்துகளின் மேலேயே உட்கார்ந்து, சேலையைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டார்.

போலந்திலிருந்து முந்தின நாள்தான் வந்திறங்கியிருந்த மக்தலேனா மேடம், நரைத்த கொண்டையும் பருத்திச் சட்டையுமாக நிதானமாக உள்ளே வந்தார். கோலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முதல் மூன்று எழுத்து, 'பழனி' மட்டும் சேலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே நின்றார்.

"மிக அழகு. நீங்கள் ஒருவரே போட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம்" என்றார் டீச்சர், தம்முடைய அருமையான ஆங்கிலத்தில்.

"இங்கே என்ன எழுதியிருக்கிறது?"

"அது... பழனி. முருகப் பெருமானின் புனிதத் தலம். எதைத் தொடங்கினாலும் அந்தப் பெயரை எழுதுவது எங்கள் வழக்கம்."

மேடம் ரொம்ப நேரம் அந்த எழுத்தையே பார்த்துவிட்டு, "நல்ல வழக்கம்" என்று சொல்லி முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். டீச்சர் சேலையை இழுத்து அந்த மூன்று எழுத்தையும் மூடினார்.

அடுத்த போட்டியாளர் சுபாங் ஜெயா ஆசிரியர் மிஸ்டர் லிம். அவர் கொண்டுவந்திருந்தது சிங்க நடனம். அவர் தலைப்பக்கம், அவருடைய நண்பர் ஒருவர் வால்பக்கம். மேளம் முழங்க சிங்கம் மேடையிலிருந்து இறங்கியது, கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தது, பின்னால் நகர்ந்தது. சிங்கத்தின் பின்பாதிக்குக் கண் ஏது? அது நேராக மயிலைப் பார்த்து வந்தது.

எழுந்தால் கைப்பேசி எண் தெரியும். எழாவிட்டால் சிங்கம் மிதிக்கும். டீச்சர் உட்கார்ந்தபடியே, "மிஸ்டர் லிம்! பின்னால்! பின்னால்!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அவர் சொன்னதைக் கேட்டு மிஸ்டர் லிம் இன்னும் பின்னால் போனார். வால்காரரின் கால் அரிசியில் வழுக்கியது. சிங்கம் மயிலின் மேல் மல்லாந்து விழுந்து, தோகையைத் துடைத்துக்கொண்டே பத்தடி சறுக்கியது. தாமரை டீச்சர் துள்ளி எழுந்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேடைத் திரைக்குப் பின்னால் ஒரே ஓட்டமாக ஓடினார். பாதி தூரம் போன பிறகுதான் சுளுக்கு ஞாபகம் வந்தது. மிச்சத் தூரத்தை இடது காலால் நொண்டினார்.

உஷாராணி பின்னாலேயே ஓடி வந்தாள். "ஒண்ணும் ஆகல டீச்சர். ஒரு தேவாரம் பாடிடுங்க. நான் சவுண்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்." சொல்லிக்கொண்டே ஒரு சின்ன மைக்கை டீச்சரின் சேலையில் மாட்டிவிட்டாள். திரையின் ஓரத்தில் மண்டபத்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் கன்னையா, கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, தம் கடமைப்படி ஒரு பொத்தானை அழுத்தினார்.

அப்போதுதான் தாமரை டீச்சருக்கு அத்தனை ஆண்டுகளின் கோபமும் சேர்ந்து வெடித்தது.

"தேவாரமா? எனக்குத் தேவாரமும் தெரியாது, ஆட்டமும் தெரியாது! அந்தக் கோலம் பழனியப்பன் போட்டது. பழனியாம், புனிதத் தலமாம், எப்படிப் புளுகியிருக்கேன் பாரு! என் கால்ல சுளுக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்ன ஏன் இப்படிப் பொய் சொல்ல வெக்கிறீங்க எல்லாரும்? நான் இங்கிலீஷ் டீச்சர். எங்கிட்ட வர்ற பிள்ளைங்க வாயத் தொறக்கவே பயப்படும். தப்பாப் பேசிட்டா சிரிப்பாங்களோன்னு குனிஞ்சே உக்காந்திருக்கும். அதுங்கள நான் பேச வெக்கிறேன். வருஷக் கடசியில என்னையே எதுத்துப் பேசுதுங்க, அதுவும் இங்கிலீஷ்ல! அதக் கேக்குறப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும் தெரியுமா? எனக்குத் தெரிஞ்ச கல அது ஒண்ணுதான். அத எவனும் பத்து நிமிஷம் பாக்கணும்னு கேக்கல. சேல கட்டுனா ஆடணும், பொட்டு வெச்சா பாடணும்! போங்கய்யா, நீங்களும் உங்க கலாச்சாரமும்!"

மூச்சு வாங்க நிறுத்தினார்.

கன்னையா திரைக்குள் தலையை நீட்டினார். "டீச்சர், மைக் ஆன்ல இருக்கு."

திரை விலகியது. முன்வரிசையில் ராதாகிருஷ்ணன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் தமிழ் தெரிந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். மக்தலேனா மேடம் மட்டும் எழுந்து நின்றார். கண்களைத் துடைத்துக்கொண்டு கை தட்டினார்.

உஷாராணி பாய்ந்து மேடைக்கு வந்துவிட்டாள். அவளுடைய ஆங்கிலம் அன்றுபோல் என்றும் சரளமாக வந்ததில்லை. "மேடம், இது எங்கள் மிகப் பழைய கலை. பெயர் கோபக்கூத்து. மழை பெய்யாவிட்டால் பெண்கள் திரைக்குப் பின்னால் நின்று வானத்தைத் திட்டுவார்கள்."

"அப்படியா?" மேடம் தாமரை டீச்சரைப் பார்த்தார். "எத்தனை ஆண்டுகளாகப் பயிற்சி?"

போலந்து டீச்சரின் கண் முன்னால் வந்து நின்றது. "சின்ன வயதிலிருந்தே" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

"தெரிகிறது" என்றார் மேடம். "எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் வாயைத் திறக்கவே பயப்படுகிறவர்கள். நீங்கள் வந்து இந்தக் கலையைத்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். செப்டம்பரில் பள்ளி திறக்கிறோம்." கையைக் குலுக்கிவிட்டு, போகிற போக்கில் திரும்பி, "காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும்" என்றார்.

மண்டபம் காலியானது. ராதாகிருஷ்ணன் வந்து பெருமூச்சு விட்டார். "தப்பிச்சோம் டீச்சர். நல்ல வேள, மேடத்துக்குத் தமிழ் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்க கதையும் முடிஞ்சிருக்கும், என் கதையும் முடிஞ்சிருக்கும்." சொல்லிவிட்டு மேடத்தை வழியனுப்ப ஓடினார்.

உஷாராணி துள்ளினாள். "டீச்சர், போலந்து! சிரிங்க டீச்சர், கிடச்சிருச்சு!"

தாமரை டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. கிடைத்ததும் ஒரு கோபம் வந்தது, கிடைக்காமல் போயிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடப் பெரிய கோபம்.

"என்ன அநியாயம் இது? வாழ்க்கையிலயே இன்னைக்குத்தான் நான் மனசுல உள்ளத உள்ளபடி சொன்னேன். அதக் கேட்டு எனக்கு வேல குடுத்திருந்தா நெஞ்ச நிமித்திட்டுப் போவேன். ஒரு வார்த்த புரியாம, மழைக்குத் திட்டுற கூத்துன்னு நம்பிக் குடுத்திருக்காங்க. இப்படிக் கிடச்சது எனக்கு எதுக்கு? நாளைக்கே ராதாகிருஷ்ணன்கிட்ட வேணாம்னு சொல்லிடப் போறேன், பாத்துக்க!"

மயில் கிடந்த இடத்தில் உட்கார்ந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த கன்னையா, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"யாரு டீச்சர் புரியாதவங்க, காலையில எங்கிட்ட வந்து, 'அண்ணே, பக்கத்துல சீனி கம்மியா நல்ல டீ எங்க கிடைக்கும்?'னு நம்மள விடச் சுத்தமாத் தமிழ்ல கேட்டாங்களே, அந்த அம்மாவா?"