ஜூன் மாதத்துக் கல்விச் சீர்

எனக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. அறுபத்தெட்டு வயதிலும் கண்ணாடி போடாமல் வெங்காயக் குவியலில் அழுகலைப் பொறுக்குவேன். ஒரே ஒரு வியாதிதான் உண்டு, அதற்கு இன்னும் மாத்திரை வரவில்லை. எதிர் வீட்டுக்காரன் நன்றாக இருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. (அதுவும் பாதிதான். மீதிப் பாதியைப் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கி முடித்தேன்.) இன்றைக்கு அதே மார்க்கெட்டில் எனக்கு வெங்காய மண்டி, அரியாங்குப்பத்தில் மாடி வீடு, வாசலில் இரண்டு மினி லாரி. பெருமைக்காகச் சொல்லவில்லை. (சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நான் சொல்லாமல் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?) ஒருத்தனிடமும் யோசனை கேட்காமல் முன்னுக்கு வந்தவன் நான். அந்தக் குணம் ஒருநாள் என்னைப் பட்டுவேட்டியோடு நடுத்தெருவில் நிறுத்தியது.

எதிர் வீட்டுக்காரன் பெயர் தனகோட்டி. என்னைவிட இரண்டு வயது சின்னவன். பஞ்சாலையில் இருந்தான், ஆலை மூடியதும் ஏதோ கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலை பார்த்துக் குடும்பத்தைக் கரையேற்றினான். காலையில் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பரில் வரும் பள்ளிக்கூடச் செய்திகளை மட்டும் சத்தமாகப் படிப்பான். எந்தப் பள்ளிக்குப் புதுக் கட்டடம், சைக்கிள் எப்போது கொடுப்பார்கள், மழைக்கு லீவு உண்டா இல்லையா, எல்லாம் அவன் வாயிலிருந்துதான் தெருவுக்குத் தெரியும். நாலு பேர் சுற்றி நின்று கேட்பார்கள். என் மண்டியில் வெங்காய விலை கேட்கக்கூட அத்தனை பேர் நின்றதில்லை. அவன் பேப்பரைப் பிரித்தால் நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

இந்த நிலைமையில் அவனுடைய மூத்த பேத்திக்கு டாக்டர் சீட் கிடைத்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த பெண். அப்படிப் படித்தவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் கிடைத்ததாம். தெருவில் பேனர் கட்டினார்கள். (என் வீட்டு வாசலைப் பார்த்துத்தான் கட்டினார்கள். ஊரில் வேறு கம்பமே இல்லை போலிருக்கிறது.) பேனரில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் தினமும் காலையில் என்னைப் பார்த்துச் சிரித்தது. பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளைப் பார்த்துக்கூட என் வயிறு அப்படி எரிந்ததில்லை. ஏனென்றால், என் பிள்ளைகளைக் காசு கட்டும் பள்ளியில் சேர்த்த காலத்தில் இதே தனகோட்டியிடம், "கவர்மெண்ட் ஸ்கூல்ல போட்டா புள்ள எங்கப்பா உருப்படும்?" என்று கேட்டவன் நான்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபடி அறிவித்தேன். பேத்தி யாழினி தனியார் பள்ளியில் யுகேஜி முடிக்கிறாள். இனி ஒன்றாம் வகுப்பு, எங்கள் பகுதி அரசுப் பள்ளியில்தான். பேத்தி டாக்டர் ஆவாள், நான் இரண்டு பேனர் கட்டுவேன். சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகும் என் மகன் ஷிப்ட் தூக்கத்தில் தலையாட்டினான். மருமகள் செல்விதான் சேர்க்கைப் பாரம் எப்போது கொடுப்பார்கள் என்று விசாரிக்க வேண்டாமா என்றாள். எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அவளை மேலே பேசவிடவில்லை. அந்த வாரமே பழைய பள்ளிக்குப் போய் டிசி வாங்கிவிட்டேன். வாங்கும்போது, "இனிமே உங்க தயவு வேணாம்" என்று ஒரு வார்த்தையும் விட்டுவிட்டு வந்தேன்.

சேர்க்கை எப்போது என்று யாரிடம் கேட்பது? டீக்கடையில் தனகோட்டி இருக்கிறான். அவனிடம் கேட்பதற்கு நான் மறுபடியும் மூட்டை தூக்கலாம். வீட்டில் பெரிய டிவி இருக்கிறதே. மெட்ராஸ் சேனலில் அழகாகச் சொன்னார்கள்: பள்ளிகள் ஜூனில் திறக்கும். போதாதா?

போதாது என்பது இந்த ஊரில் பிறந்த கைக்குழந்தைக்குக் கூடத் தெரியும். கடலூர்ப் பக்கம் கொஞ்ச தூரம் வண்டி ஓட்டினால் தமிழ்நாடு வந்துவிடும், இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் புதுச்சேரி வரும். பெட்ரோல் விலை மாறும், பிராந்தி விலை மாறும். நானே என் லாரிகளுக்கு எந்தப் பக்கம் டீசல் போட வேண்டும் என்று டிரைவருக்குப் பாடம் எடுப்பவன். அப்படிப்பட்டவனுக்கு, பள்ளிக்கூடமும் மாறியிருக்கும் என்று தோன்றவில்லை. எங்கள் அரசுப் பள்ளிகள் சென்ட்ரல் பாடத்திட்டத்துக்குப் போய்விட்டன. அவற்றுக்கு வருஷம் ஏப்ரலில் ஆரம்பம். தெருவுக்கே தெரிந்த சேதி இது. தனகோட்டி டீக்கடையில் சத்தமாகப் படித்தானாம், நான் எழுந்து போன ஏதோ ஒரு நாளில்.

ஏப்ரல் மாதம் அவனுடைய சின்னப் பேரன் புது யூனிபார்மில், முதுகில் பையோடு, காலையில் என் வாசலைத் தாண்டிப் போனான். ஜூனில் சேரப்போகிற பயலுக்கு இப்போதே யூனிபார்ம் தைத்துப் பீற்றிக்கொள்கிறார்கள் என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"பையில புக்கு இருக்குதுங்க" என்றாள் அவள்.

"ட்யூஷன்" என்றேன். (காலை எட்டரை மணிக்கு என்ன ட்யூஷன் என்று அவளும் கேட்கவில்லை. நாற்பது வருஷமாக என்னோடு குடித்தனம் செய்கிறவள். எதைக் கேட்கக் கூடாது என்று தெரியும்.)

அதற்கு இரண்டு நாள் கழித்துத் தனகோட்டியே என் கேட்டுக்கு வந்தான். வெளியில் நின்றபடி, "அண்ணே, பாப்பாவுக்கு பாரம் குடுத்துட்டீங்களா?" என்றான்.

"எனக்கு எல்லாம் தெரியும் தனகோட்டி. நீ உன் பேரனப் பாரு."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் குழாயைத் திறந்து லாரியைக் கழுவ ஆரம்பித்துவிட்டேன்.

மே மாதம் முழுக்க எனக்கு வேறு வேலை. பள்ளிக்குத் தேவையான சாமான்களைத் தாம்பாளத்தில் வைத்து, மேளத்தோடு ஊரார் எடுத்துப்போய்க் கொடுப்பதைக் கல்விச் சீர் என்பார்கள். போன வருஷம் தனகோட்டி நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பத்து பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்து மாலை வாங்கினான். நான் விடுவேனா? ஒற்றை ஆளாக ஐம்பது நாற்காலி, ஒரு இரும்பு பீரோ, வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரத்தின் நடுவில் என் பெயரும் மண்டியின் பெயரும் சிவப்பில். (மணி தெரிகிறதோ இல்லையோ, பெயர் தெரிய வேண்டும் என்று கடைக்காரனிடம் சொல்லியிருந்தேன்.)

ஜூனில் பள்ளி திறந்த நாளன்று காலை, தவில், நாதஸ்வரம், முன்னால் நான், பின்னால் தட்டோடு சொந்தக்காரப் பெண்கள் பதினைந்து பேர், அதற்குப் பின்னால் பீரோவைச் சுமந்த மினி லாரி. பட்டுப்பாவாடையும் கழுத்தில் மாலையுமாக யாழினி. பள்ளி ஜன்னல்களில் எல்லாம் பிள்ளைகளின் தலை. தலைமை ஆசிரியை வெளியே வந்தார், நல்ல அம்மா, கும்பிட்டு வரவேற்றார். பாப்பா எந்த வகுப்பு என்று யாழினியின் கன்னத்தைத் தட்டிக் கேட்டார்.

"இன்னிக்குத்தாம்மா சேக்குறோம். ஒண்ணாவது."

அந்த அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஐயா, ஒண்ணாவது ஏப்ரல்லயே ஆரம்பிச்சாச்சே. கோடை லீவு முடிஞ்சு இன்னிக்கு மறுபடி திறந்திருக்கோம். இடம் எல்லாம் அப்பவே நிரம்பிடுச்சுங்க."

டிவியில் சொன்னார்களே என்றேன். அது தமிழ்நாட்டுக்கு என்றார், என்னைவிட அவருக்குத்தான் கூச்சம். பின்னால் நின்ற தவில்காரனுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. பெரியவர்கள் இரண்டு பேர் கைகூப்பி நிற்கிறார்களே, சேர்க்கை முடிந்தது என்று நினைத்துக் கெட்டிமேளமே கொட்டிவிட்டான்.

மேளம் ஓய்ந்ததும் ஒன்றாம் வகுப்பு ஜன்னலிலிருந்து ஒரு குரல், "யாழினி, நாங்க கூட்டல் முடிச்சிட்டோம்." தனகோட்டியின் பேரன்.

அதோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சீர் வந்தால் பெற்றோர் சங்கத் தலைவர்தான் நோட்டில் எழுதி வாங்க வேண்டுமாம். ஆள் அனுப்பினார்கள். நோட்டோடு வந்து நின்றது தனகோட்டி. சிரிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டு மானத்தைக் காப்பாற்றியிருப்பேன். ஒவ்வொரு சாமானாக எழுதினான், கையெழுத்துப் போட்டான். பிறகு, காத்திருப்போர் பட்டியலில் எங்கள் பெயரை முதலில் எழுதும்படி அந்த அம்மாவிடம் சொன்னான். என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "வாசல்ல வந்து நின்னேன்லண்ணே."

திரும்பி வரும்போது லாரியில் என் பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த யாழினி, "ஸ்கூல் முடிஞ்சிடுச்சா தாத்தா?" என்றாள். பழைய பள்ளிக்கு ஓடினேன். அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் வேண்டாம் என்ற தயவை அவர்களும் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். வேறு பள்ளி எதிலாவது சேர்க்கலாம் என்று மகன் சொன்னான். ஆனால் அங்கேயும் பாடம் ஆரம்பித்து இரண்டு மாதம், அதுபோக பஸ்ஸில் ஒரு மணி நேரம். யாழினி வீட்டிலேயே உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளைகளின் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வி மூன்று நாள் தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். நான்காம் நாள் தட்டை வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள், "உங்களுக்குப் பேனர் வேணும் மாமா. எம் புள்ளைக்கு ஸ்கூலு வேணும்."

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். தனகோட்டி பேப்பரைப் பிரித்தான். நான் எழுந்திருக்கவில்லை. மூன்று வாரம், ஒரு நாள் விடாமல், காரைக்கால் பள்ளிக்குக் கழிப்பறை கட்டும் சேதி வரை கேட்டேன். அவனும் என் பக்கம் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் படித்தான். மூன்றாம் வாரம் ஒருநாள் பேப்பரைப் பிரிக்காமலே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அப்பாவுக்குக் காரைக்காலுக்கு வேலை மாற்றல் வந்திருக்கிறதாம், இடம் காலியாகிறது, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றான். கட்டிப்பிடிக்கத் தோன்றியது. "நல்லா தெரியுமா, இல்ல சும்மா சொல்றியா?" என்று மட்டும் கேட்டேன். (வியாதி ஒரே நாளில் போகுமா?)

இந்த முறை மேளம் இல்லை. செல்விதான் கூட்டிக்கொண்டு போனாள். என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் போட்டி. யாழினிக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு யாருக்கென்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். என் முகம் போன போக்கைப் பார்த்து என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டாள். "அவன் ஏப்ரல்லயே வந்துட்டான் தாத்தா. நான் நீ சொன்னப்போதான வந்தேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மனிதர்கள் இரண்டே ஜாதி, ஏப்ரல்காரங்க, ஜூன்காரங்க. பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர் ஏப்ரல். பாயசம் தீர்ந்தபின் இலைக்கு வருகிறவர் ஜூன். போன மாதம் மருமகளின் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போயிருந்தோம். பையன் எப்படி என்று போனில் கேட்டவர்களுக்குச் செல்வி, நான் பக்கத்தில் இருக்கும்போதே, பதில் சொன்னாள்:

"நல்ல பையன்தான். ஆனா கொஞ்சம் எங்க மாமா மாதிரி, ஜூனு."