முப்பது நாளும் பத்தொன்பதாவது கத்தியும்

இனி முப்பது நாளைக்கு ஒரு கத்திகூட வாங்கப்போவதில்லை என்று மடக்கு சார் அறிவித்தபோது, டீச்சர் மயங்கி விழவில்லை. சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து, "எழுதிக் குடுங்க" என்றார்.

"கட்டின புருஷன் வாய் வார்த்தை போதாதா?"

"போன தடவை வாய் வார்த்தைதான் குடுத்தீங்க. மூணு கத்தி வந்துச்சு."

மடக்கு சாருக்கு அந்தப் பெயரை வைத்தது அவருடைய இன்ஷூரன்ஸ் ஆபீஸ். ரெக்கார்டு ரூமில் இருபது வருஷமாக ஃபைல்களைக் கட்டுகிறார், அவிழ்க்கிறார். பேனா இல்லாமல் ஆபீஸுக்கு வந்த நாள் உண்டு. பதினோரு வருஷமாகப் பேன்ட் பையில் மடக்குக் கத்தி இல்லாமல் வந்த நாள் கிடையாது. வீட்டில் மொத்தம் பதினெட்டு. மரப்பிடி, எலும்புப்பிடி, பித்தளைப்பிடி. விரித்ததும் ஒன்று 'டக்' என்று பூட்டிக்கொள்ளும், இன்னொன்று 'டிக்' என்று. கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் சத்தத்தை வைத்தே எந்தக் கத்தி என்று சொல்லிவிடுவார். இதுவரை யாரும் கட்டிவிட்டதில்லை.

பதினெட்டும் ரோமத்தை நெடுக்குவாட்டில் பிளக்கும். ஆனால் அந்த வீட்டுத் தக்காளியின் தலையெழுத்து சமையலறைக் கத்தியின் கையில் இருந்தது. அது நறுக்காது, நசுக்கும்.

"இத்தனை கல்லு வெச்சிருக்கீங்களே, இதைக் கொஞ்சம் தீட்டிக் குடுத்தா என்ன?" என்று டீச்சர் வாரம் ஒரு முறை கேட்பார்.

"அது கத்தி இல்ல, தகரம். என் கல்லு கெட்டுப்போயிடும்."

"அப்ப உங்களோடதுல ஒண்ணைத் தாங்க."

"தக்காளியில புளிப்பு இருக்கு. எஃகு கறுத்துடும்."

இதையெல்லாம் டீச்சர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது மேஜை. வீட்டில் நல்ல வெளிச்சத்தில் இருந்த ஒரே மேஜை ஜன்னலோரம் கிடந்தது. அதன்மேல் சொரசொரப்புக் கல், நடுத்தரக் கல், வழவழப்புக் கல், எண்ணெய்ப் புட்டி, கடைசி மெருகுக்கு ஒரு தோல்பட்டை. கணக்கு டீச்சரோ விடைத்தாள்களை வாஷிங் மெஷின் மேல் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். மெஷின் துணி பிழியும் நேரத்தில் போட்ட மதிப்பெண்கள் எல்லாம் கொஞ்சம் நடுக்கமாகவே இருக்கும். ஒரு தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "டீச்சருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் டீச்சர் மேஜையைக் கேட்டார். மடக்கு சார் கொதித்தெழுந்து பந்தயம் கட்டினார்.

"இந்தா, பதினெட்டையும் டிரங்குப் பெட்டியில வெச்சுப் பூட்டியாச்சு. சாவியை நீயே வெச்சுக்கோ. முப்பது நாள். அதுக்குள்ள என் கையில ஒரு புதுக் கத்தியை நீ பார்த்துட்டேன்னா, மேஜை உனக்கு. பார்க்கலைன்னா ஆயுசுக்கும் எனக்கு. அப்புறம் வாஷிங் மெஷின் பேச்சே எடுக்கக் கூடாது."

டீச்சர் அதை அப்படியே எழுதி, கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

இருபத்தொரு நாள் மடக்கு சார் மலை மாதிரி நின்றார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் வைராக்கியம் அப்படி. கத்தி விற்கும் தெருவைத் தவிர்க்க அரைக் கிலோமீட்டர் சுற்றி நடந்தார். அவருடைய இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முடி முளைக்க ஆரம்பித்தது. தீட்டிய கத்தியின் கூர்மையை அவர் சோதிப்பது அந்தக் கையில்தான். லேசாக வைத்து இழுத்தால் முடி உதிர வேண்டும். பதினோரு வருஷமாக அந்தக் கை மொட்டை. சொந்தக்காரர்கள் அதை ஏதோ தோல் வியாதி என்று முடிவு கட்டினார்கள். அத்தை ஒருத்தி களிம்புகூட அனுப்பி வைத்தாள்.

இப்போது டீச்சர் அந்தக் கையைத் தடவிப் பார்த்து, "இப்பத்தான் மனுஷன் கை மாதிரி இருக்கு" என்றார். மடக்கு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவிக்காக மேஜையையே கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். நல்ல வேளையாக அந்த நினைப்பு உடனே போய்விட்டது.

இருபத்திரண்டாம் நாள் வீட்டில் பல்பு எரிந்துபோனது. பல்பு வாங்கப் போன கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள், கொம்புப்பிடி போட்ட கத்தி ஒன்று படுத்திருந்தது. விரலைவிடச் சின்ன அலகு. கடைக்காரர் சும்மா ஒரு முறை விரித்துக் காட்டினார். 'டக்'கும் இல்லை, 'டிக்'கும் இல்லை. புதுச் சத்தம்.

மடக்கு சார் கடையிலேயே நின்று நியாயமாக யோசித்தார். எழுதிக் கொடுத்தது என்ன? 'நீ பார்த்தால்' என்றுதானே? பார்க்காவிட்டால்? பார்க்காத கத்தி எப்படிக் கணக்கில் வரும்? கணக்கு டீச்சரே இதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அவர் வீட்டுக்குப் போனபோது பையில் கத்தி இருந்தது. பல்பு இல்லை.

வாங்கினால் போதுமா? கடைக் கூர் ஒரு கூரா? சனிக்கிழமை டீச்சர் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனதும் மேஜையில் உட்கார்ந்தார். மூன்று கல்லிலும் தீட்டி, தோல்பட்டையில் நாற்பது இழுப்பு இழுத்து, பிசிறு போய்விட்டதா என்று பார்க்க இடது கையில் வைத்து லேசாக ஓர் இழுப்பு. ஆஹா! இன்னோர் இழுப்பு. மூன்று வார விளைச்சல் மூன்று நிமிஷத்தில் அறுவடையானது. அதற்குப் பிறகுதான் கையைப் பார்த்தார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த டீச்சர், முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார்.

"இந்த வெயில்ல என்ன முழுக்கை?"

"ஆபீஸ்ல ஏசி ஜாஸ்தி."

"இது வீடு."

"உடம்புக்குப் பழகிடுச்சு."

"சரி" என்றார் டீச்சர். அந்தச் 'சரி' ரொம்பச் சீக்கிரம் வந்தது. மடக்கு சார் அதைக் கவனிக்கவில்லை.

கத்தியை எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த கவலை. பேன்ட் பையில் வைத்தால் துவைக்கும்போது டீச்சர் பார்ப்பார். டிபன் பையை அவர்தான் காலி செய்வார். அலமாரியை அவர்தான் துடைப்பார். வீடு முழுக்க அலசிவிட்டு, வலது கால் காலுறைக்குள் செருகிக்கொண்டார். முழுக்கை, காலுறை, வியர்வை. மலையேறக் கிளம்பியவர் மாதிரி ஹாலில் நொண்டிக்கொண்டு நடந்தார்.

"கால்ல என்ன?"

"சுளுக்கு."

"எண்ணெய் தடவி விடவா?"

"வேண்டாம்! வேண்டாம்! தொட்டா வலிக்கும்."

"சரி. நான் தொடலை" என்று டீச்சர் வாஷிங் மெஷினுக்குத் திரும்பினார்.

இப்படியே நாளை ஓட்டினார். எதற்கும் அசரவில்லை. முப்பதாம் நாள் விடிந்தது. அன்று டீச்சரின் தம்பி மூக்குக் கண்ணாடிக் கடை திறக்கிறான். வாசலில் சிவப்பு ரிப்பன். எதிரே நாற்பது பேர். திறந்து வைக்க வந்தவர் கண் டாக்டர். ரிப்பனுக்கு நேர் முன்னால், இன்னும் ஒரு பகல்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மடக்கு சார் நின்றார். தட்டை ஏந்தி வந்தவர் டீச்சர்.

டாக்டர் தட்டில் இருந்த துணியை விலக்கினார். அடியில் ஒன்றும் இல்லை.

"ஐயையோ" என்றார் டீச்சர். "கத்தரிக்கோல் எங்க போச்சு?"

தம்பி கடைக்குள் ஓடினான். வெறுங்கையோடு வந்தான். "அக்கா, எல்லாம் நீதானே எடுத்து வெச்சே!"

"எனக்குப் பதினோரு மணிக்கு ஆபரேஷன் இருக்கு" என்று டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பிய்த்துவிடலாம் என்றார் ஒருவர். பல்லால் கடிக்கலாம் என்றார் இன்னொருவர். டீச்சர் கணவர் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்:

"யார்கிட்டயாவது கத்தி இருக்கா?"

பதினோரு வருஷம்! பதினோரு வருஷமாகக் கத்தியைச் சுமக்கிற ஒரு மனுஷர் இந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார். ஒரே ஒரு தடவை பஸ்ஸில் ஒருவர் கேட்டார். அன்றைக்குப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை, வேறு பேன்ட். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் மடக்கு சார் தாங்கினார். உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒரு பகல். ஒரே ஒரு பகல். மேஜை, மேஜை என்று ஜபித்தார். அசையவே மாட்டார் போலிருந்தது.

அப்போது பக்கத்துக் கடைக்காரர் பையிலிருந்து நகவெட்டியை எடுத்தார். அதில் மடங்கியிருந்த தகரத்துண்டை நிமிர்த்தி, ரிப்பனில் வைத்து, கரகரவென்று ராவ ஆரம்பித்தார். ரிப்பன் அறுபடவில்லை. நார் நாராகக் கிழிந்தது.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க மடக்கு சார் என்ன கல்லா?

"நகருங்க!" என்றார். குனிந்தார். பேன்ட்டைச் சுருட்டினார். காலுறைக்குள் கையை விட்டார். ஒரே விரலால் விரித்தார். புதுச் சத்தம் கேட்டது. நேரே டாக்டர் கையில் கொடுத்து, "மேல வைங்க, போதும். அழுத்தாதீங்க" என்றார். டாக்டர் வைத்தார். ரிப்பன் இரண்டாக விழுந்தது. நாற்பது பேரும் கைதட்டினார்கள்.

கைதட்டலுக்கு நடுவே மடக்கு சார் பெருமையோடு மனைவியைப் பார்த்தார். டீச்சர் கைப்பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார். நகவெட்டி கிழித்த நாரைப் பொறுமையாக வெட்டிவிட்டு, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

மடக்கு சார் அந்தக் கைப்பையையே பார்த்தார். "எப்பலேர்ந்து தெரியும்?"

"இருபத்தஞ்சு வருஷமா பரீட்சை ஹால்ல நிக்கிறேன். வெயில்ல முழுக்கை போட்டுட்டு வர்றவன் எதுக்கு வர்றான்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னைக்கே பிடிச்சிருக்கலாமே!"

"நானா சோதனை போட்டா, 'இது என்னோடது இல்ல டீச்சர்'னு அழுவாங்க. தானா வெளிய எடுக்கிற வரைக்கும் வேற பக்கம் பார்த்துட்டு நிப்பேன்."

டாக்டர் இன்னும் அந்தக் கத்தியை விடவில்லை. வெளிச்சத்தில் பிடித்து அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், நான் தினமும் கத்தி பிடிக்கிறவன். இப்படி ஒரு கூர் பார்த்ததில்ல. எங்க குடுத்துத் தீட்டினீங்க?"

இதைக் கேட்டதும் மடக்கு சாருக்கு எல்லாத் துக்கமும் மறந்துபோனது. நெஞ்சு நிமிர்ந்தது.

"வெளியில எங்கயும் குடுக்கிறதில்ல டாக்டர். எல்லாம் வீட்லயேதான். ஜன்னலோரமா, என் மேஜையில..."

"என் மேஜையில" என்று டீச்சர் திருத்தினார்.