ஒரு டன் சேர்ந்தால்தான் லாரி வரும்

ராயபுரம்,
21.9.2008

அன்பும் படிப்பும் நிறைந்த மாப்பிள்ளை சாவியோ அவர்களுக்கு,

மாமனார் ஸ்டானிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தை ஃப்ளோராவும் சுகம், என் முதுகு மட்டும் நிமிரவில்லை. நீங்களும் ரேச்சலும் பெங்களூர்க் குளிரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற மாதம் திருவிழாவுக்கு வந்தபோது, பரண்மேல் கிடந்த எங்கள் செத்துப்போன டிவியையும், மூன்று வருடம் முன்பு அன்பளிப்பு என்று நீங்கள் எங்கள் தலையில் கட்டிய கம்ப்யூட்டரையும் பார்த்து, "மாமா, இத காயலான் கடையில போட்டுடாதீங்க, உடைப்பாங்க, எரிப்பாங்க, ஈயம், பாதரசம்" என்று பிரியாணி ஆறும்வரை பாடம் நடத்திவிட்டு, உங்கள் கம்ப்யூட்டரை மறக்காமல் எங்களிடமே விட்டுவிட்டு ரயிலேறினீர்களே, அதற்கு முதலில் நன்றி. கால்வாய் ஓரத்தில் ஒயர் கொளுத்தும் புகையில் ஃப்ளோராவுக்கு இழுப்பு வருவதை நான் தினமும் பார்ப்பதால், உங்கள் பேச்சை நம்பித் தொலைத்தேன்.

குப்பை லாரிக்காரர், "இன்னா பெர்சு, டிவியப் போயி குப்பைன்ற? இத்த ஏத்தினா என் வேல பூடும்" என்றார். டிவி கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒன்றை அமுக்கு, ஏழை அமுக்கு என்று அரைமணி நேரம் அமுக்கவைத்து, கடைசியில் ஒரு பெண் "என்ன கோளாறு சார்?" என்றாள். "கோளாறு இல்லம்மா, செத்துப்போச்சு, அடக்கம் பண்ணணும்" என்றேன். மறுநாள் ரிப்பேர் பார்க்க மெக்கானிக் வந்து நின்றான். பிறகு, முறையாகப் பிரித்து உருக்குகிற கம்பெனி என்று நீங்கள் கொடுத்த நம்பர். மேனேஜர் குணசேகரன் தங்கமான மனிதர், பணிவாகச் சொன்னார்: "தாராளமா எடுத்துக்கிறோம் சார். ஒரு டன் சேர்ந்தா லாரி அனுப்புவோம்." என் டிவியும் உங்கள் அன்பளிப்பும் சேர்ந்து நாற்பத்தைந்து கிலோ. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவனிடம் டன் கணக்குச் சொன்னால் விடுவேனா?

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே அறிவித்தேன். சாயந்திரத்துக்குள் மிக்சி, டேப் ரெக்கார்டர், விசிடி பிளேயர், இஸ்திரிப் பெட்டி என்று கூடம் நிறைந்துவிட்டது. எதிர்வீட்டுச் சொக்கம்மாள் காலமான புருஷனின் ரேடியோவைக் கொடுத்து, "பத்தரமா பாத்துக்கோண்ணா" என்று அழுதாள். உருக்கத்தான் போகிறார்கள் என்று எந்த வாயால் சொல்வேன்? ஃப்ளோரா பதினெட்டு நாள் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்தபடி தூங்கினாள். "இந்த வூட்ல ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்லாங்காட்டி நான் இருக்கணும்" என்றாள்.

இது போதாதென்று காயலான் கடை லட்சுமணன் சண்டைக்கு வந்தான். "இன்னா நைனா, ரிட்டேர்டு ஆனா ஜெபமாலைய உருட்டுவியா, என் பொழப்ப உருட்டுவியா?" அந்த நேரம் பார்த்துக் கால்வாய்ப் பக்கம் அவன் கடை ஆட்கள் ஒயர் கொளுத்திய புகை. ஃப்ளோரா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். நான் மருந்தைத் தேடி எடுத்துக் கொடுத்து அவள் தேறும்வரை லட்சுமணன் அசையாமல் நின்றான். "அம்மாவுக்கு இப்டி இழுக்கும்னு தெரியாது நைனா" என்றான். மறுநாள் மீன்பாடி வண்டியில் டிவி குழாய்களும் ஒரு மூட்டையும் வந்து இறங்கின. "செம்ப உருவிக்கினேன். ஒயர் தோலு இந்தா, கொளுத்தல."

ஒரு டன், பதினோரு கிலோ. வியாழக்கிழமை லாரி வந்தது. 'ஸ்டானிஸ்லாஸ் டிரேடர்ஸ்' என்ற பெயரில் சான்றிதழும் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற நான்காவது வருடம் நான் முதலாளி ஆகிவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, அடுத்த முறை வாருங்கள், சாப்பிடுங்கள், தூங்குங்கள். தயவுசெய்து அண்ணாந்து மட்டும் பார்க்காதீர்கள். இனி ஒரு செத்த பேட்டரிகூட இந்த வீட்டுக்குள் நுழையாது, இது சத்தியம். உங்களைச் சகல கேடுகளிலிருந்தும், எங்களை உங்கள் அறிவுரைகளிலிருந்தும் மாதா காக்கட்டும். ரேச்சலுக்கு எங்கள் முத்தங்கள்.

இப்படிக்கு,
ஸ்டானிஸ்லாஸ்

பி.கு: இதைத் தபாலில் சேர்க்க நான்கு நாள் ஆகிவிட்டது. அதற்குள் பக்கத்துத் தெருக்காரர்கள் ஃபிரிட்ஜ்களோடு வந்துவிட்டார்கள். விரட்ட நான் வாயைத் திறக்குமுன், "கூடத்துல வெய்யிங்க, பேரச் சொல்லுங்க" என்று நோட்டும் கையுமாக ஃப்ளோரா நிற்கிறாள். இன்னும் இருநூற்றிருபது கிலோதான் குறைகிறது. பெங்களூரில் உங்கள் வீட்டில் ஏதாவது செத்திருந்தால் உடனே தெரிவிக்கவும்.